ஒற்றை வேட்பாளர்

“இப்ப எத்தனை பேர் ஆச்சு?”

“நீங்க போன தடவை கேட்டதுக்கப்புறம் ஒருத்தர் வந்தார், மேயரே. கழிப்பறை எங்கேன்னு கேட்டுட்டுப் போயிட்டார்” என்றாள் ஃபுல்வியா.

எர்மான்னோ தவெல்லா காப்பிக் கோப்பையை வைத்த வேகத்தில் கரண்டி துள்ளித் தரையில் விழுந்தது. மதுக்கடை வாசலில் அவர் நாற்காலி போட்டிருந்த இடத்திலிருந்து பார்த்தால் எதிரே பள்ளிக்கூடம் தெரியும். பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடம். தேர்தல் வந்தால் மட்டும் அதன் கதவைத் திறப்பார்கள். இன்று காலையிலிருந்து திறந்தே கிடக்கிறது. வாசலில் நின்ற காவலர் மூன்றாவது முறையாகக் கொட்டாவி விட்டார்.

ரோக்கசோலா என்ற சின்ன மலையூருக்கு அவர் பத்து வருடமாக மேயர். இந்த முறை அவரை எதிர்த்து நிற்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. எதிர்க்கட்சியின் ஒரே ஆளாக இருந்த வாத்தியார், மகளோடு இருக்கப் பெல்ஜியத்துக்குப் போய்விட்டார். வேட்புமனு முடிந்த அன்றே எர்மான்னோ கடையில் எல்லாருக்கும் வெள்ளை ஒயின் வாங்கிக் கொடுத்து, ஜெயித்த மாதிரி கைகுலுக்கினார். அடுத்த நாள் காலையில், ஊராட்சி அலுவலகத்தில் மிச்சமிருந்த ஒரே எழுத்தரான ஃபுல்வியா அவர் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றினாள்.

“ஒருத்தரே நின்னா வேற சட்டம், மேயரே. நூத்துக்கு நாற்பது பேராவது வந்து ஓட்டுப் போடணும். வரலேன்னா தேர்தலே செல்லாது. அரசாங்கம் ஆணையரை அனுப்பும்.”

“ஆணையர் வந்தா?”

“வந்தா என்ன? இவ்வளவு சின்ன ஊருக்குத் தனி ஊராட்சி எதுக்குன்னு எழுதுவார். பொந்தெரோவோட சேர்த்துடுவாங்க.”

பொந்தெரோ மலையடிவாரத்து ஊர். அங்கே வங்கி இருக்கிறது, மருத்துவர் தினமும் வருகிறார், அந்த ஊர்க்காரர்கள் ரோக்கசோலாக்காரர்களை ‘மேலே இருக்கும் ஆடுகள்’ என்பார்கள். எர்மான்னோவுக்கு அறுபத்திரண்டு வயது. காப்பீட்டு முகவராக இருந்தார். கம்பெனி எல்லாவற்றையும் போனுக்கு மாற்றிவிட்டு அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பியது. மனைவி எப்போதோ போய்விட்டாள். மேயர் தோளில் குறுக்கே போடும் மூவர்ணப் பட்டை ஒன்றுதான் அவர் இன்னார் என்று சொல்ல மிச்சம். அதையும் பொந்தெரோக்காரன் எவனாவது போட்டுக்கொண்டு திருவிழா ஊர்வலத்தில் முன்னால் நடப்பான் என்று நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

“இது சதி, ஃபுல்வியா. எவனோ வீடு வீடாப் போய் வராதேன்னு சொல்லியிருக்கான்” என்றார் இப்போது, கணக்குச் சொல்ல வந்து எதிரே நின்ற அவளிடம்.

“அப்படி வீடு வீடாப் போற அளவுக்கு நம்ம ஊர்ல தெம்பா யார் இருக்கா?”

அவர் எழுந்தார். தானே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

முதலில் அமில்கரே வீடு. கூரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். தொழிற்சாலை போலந்துக்குப் போனதும் அவர் இரண்டாம் மாடிக்குப் போனார். இடுப்பு உடைந்த பிறகு அங்கிருந்து இறங்கவில்லை. எர்மான்னோ தெருவிலிருந்தே கத்தினார்.

“அமில்கரே! ஓட்டுப் போடலியா?”

ஜன்னலில் வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. கழுத்துப்பட்டை, கோட்டு, தலை வாரல் எல்லாம் கச்சிதம்.

“காலையிலேருந்து கிளம்பி உக்காந்திருக்கேம்ப்பா. எப்படி இறங்கறது?”

“ஏன், பாத்துக்கற ஓல்கா எங்கே?”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடா. ஓல்காவுக்கு லீவு. நகரத்துக்குப் போயிருக்கா.”

அடுத்த வீட்டில் இரண்டு அக்கா தங்கை. அவர்களும் முத்துமாலை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். “எங்க தத்தியானா இன்னைக்கு லீவு, எர்மான்னோ. நீ வேணும்னா எங்களைத் தூக்கிட்டுப் போறியா? அக்காவை முதல்ல தூக்கு, அவ கனம் அதிகம்.” மூன்றாவது வீட்டில் கதவைத் திறக்கவே ஆள் இல்லை, உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “நடாலியா ராத்திரிதான் வருவா. அப்ப வாங்க.”

நாலாவது தெருமுனையில் எர்மான்னோ நின்றுவிட்டார். ஊரில் ஓட்டு இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் கால் இல்லை. அவர்களுடைய கால்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் ஏறி நகரத்துக்குப் போய்விட்டன.

ஏன் போனார்கள் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. ஒரு காலத்தில் அந்தப் பெண்கள் ஞாயிறுதோறும் ரோக்கசோலாவின் சதுக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ருமேனியா, உக்ரைன், மால்டோவா என்று தேசத்துக்கு ஒரு பெஞ்சு. சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, ஊரில் இருக்கும் பிள்ளைகளோடு போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு. எர்மான்னோ போன தேர்தலில் ‘நம் ஊர் நமக்கே’ என்று சுவரொட்டி அடித்து ஜெயித்தார். ஜெயித்ததும் எதையாவது செய்து காட்ட வேண்டுமே. பெஞ்சுகளைப் பிடுங்கி எடுத்தார். பிடுங்குவதைப் படம் எடுத்து முகநூலில் போட்டார். ஆயிரம் பேர் கைதட்டினார்கள். அத்தனை பேரும் மிலானிலும் மியூனிக்கிலும் இருக்கும் ரோக்கசோலாக்காரர்கள். ஓட்டுப் போட வர மாட்டார்கள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா ஆர்ஜியா தன் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். எண்பத்தெட்டு வயது. காதும் வாயும் இளசு.

“என்னடா, ஜெயிச்சிட்டியா?”

“கிளம்புங்கம்மா. நானே தள்ளிட்டுப் போறேன்.”

“நீயா? போன ஈஸ்டருக்கு நீ தள்ளி என்னை மாதா கோயில் படியில் கவுத்தது மறந்துடுச்சா? வியோரிகா நாளைக்கு வருவா. நாளைக்குப் போறேன்.”

“நாளைக்கு மூணு மணியோட ஓட்டு முடிஞ்சுடும்மா.”

“மூணு மணிக்கு எனக்கு வேற என்ன வேலை?” அவள் ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்து, கறுத்த இடத்தைக் கத்தி முனையால் தோண்டினாள். “சரி, உன்னை ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். அன்னியரெல்லாம் வெளியேறணும்னு மைக்குல கத்தினியே, வியோரிகாவையும் அனுப்பிடுவியா?”

“அவ ருமேனியாம்மா. ருமேனியா ஐரோப்பாவுக்குள்ளதான் இருக்கு. அவளை யாராலும் அனுப்ப முடியாது.”

“ஓல்கா?”

“அவ உக்ரைன்மா. போருக்காகத் தங்கக் குடுத்த பெர்மிட் இருக்கு.”

“தத்தியானா?”

“அம்மா, நான் பொதுவாச் சொன்னேன்!”

“பொதுவான ஆளு யாரும் நம்ம ஊர்ல இல்லையேடா. எல்லாருக்கும் பேரு இருக்கு.”

எர்மான்னோ கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நகரத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டிய பூங்காவில் அவர்கள் இருந்தார்கள். பக்கத்துத் திடலில் ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் போகும் வேன்கள் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றன. சோப்பு, காப்பித்தூள், எண்ணெய், ஒரு சைக்கிள், ஒரு குளிர்சாதனப் பெட்டி என்று சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தன. மரத்தடியில் அத்தனை பெஞ்சுகளிலும் ரோக்கசோலாவின் கைகால்கள் உட்கார்ந்து பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தன. அவர் சட்டையில் ‘நம் ஊர் நமக்கே’ என்ற வில்லையை அப்படியே குத்திக்கொண்டு வந்துவிட்டதை அங்கே போய்த்தான் கவனித்தார். கழற்றினால் இன்னும் அசிங்கம்.

“ஐயோ, மேயர் ஐயா!” என்று வியோரிகா எழுந்தாள். ஐம்பது வயது, பெரிய உருவம், சிரித்தால் தோள் குலுங்கும். “அம்மாவுக்கு என்ன ஆச்சு?”

“அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா வாய் பேசறாங்க.”

“அப்ப நல்லாத்தான் இருக்காங்க. உக்காருங்க. ஓல்கா, நகரு. மேயர் ஐயாவுக்குப் பெஞ்சுல இடம் குடு. அவருக்குப் பெஞ்சுன்னா ரொம்பப் பிடிக்கும்.”

மரத்தடி முழுவதும் சிரித்தது. எர்மான்னோ விளிம்பில் உட்கார்ந்தார். யாரோ அவர் கையில் ஒரு துண்டு ரொட்டியைத் திணித்தார்கள்.

“வியோரிகா, நான் நேரா விஷயத்துக்கு வரேன். இன்னைக்கு நீங்கல்லாம் திரும்பி வந்து பெரியவங்களை ஓட்டுப் போடக் கூட்டிட்டுப் போகணும்.”

“இன்னைக்கு ஞாயிறு. ஒப்பந்தத்துல எழுதியிருக்கு, நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க.”

“பெஞ்செல்லாம் திரும்பப் போட்டுடறேன்.”

“பெஞ்சா?” ஓல்கா விதையின் தோலைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள். “வேண்டாம் சார். இங்க நிழல் இருக்கு, வேன் இருக்கு, ஐஸ்கிரீம் இருக்கு. உங்க ஊர்ல காத்து மட்டும்தான் இருக்கு.”

“அப்ப என்னதான் வேணும்? சொல்லுங்க. ஊரே போயிடும்மா. பொந்தெரோவோட சேர்த்துடுவாங்க.”

வியோரிகா அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதர் அவளிடம் இத்தனை வருடத்தில் ‘மருந்து கொடுத்தாச்சா’ என்பதற்கு மேல் பேசியதில்லை.

“எதுக்கு ஐயா இப்படி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தீங்க? நாளைக்கு மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கில்ல? நாளைக்கு எங்களுக்கு வேலை நாள். கடைக்குத் தள்ளிட்டுப் போறோம், மருந்துக்கடைக்குத் தள்ளிட்டுப் போறோம், ஓட்டுக்குத் தள்ளிட்டுப் போகக் கூடாதா? ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ரொட்டியைச் சாப்பிடுங்க, கையிலயே வச்சிருக்கீங்க.”

அவர் சாப்பிட்டார். உடம்பெல்லாம் லேசாகி, எதையாவது நல்லதாகப் பேச வேண்டும் போல இருந்தது. “உங்க அம்மா ஊர்ல நல்லா இருக்காங்களா, வியோரிகா? யார் பாத்துக்கறா?”

“நேபாளத்துப் பொண்ணு ஒண்ணு. நல்ல பொண்ணு. எங்க ஊர்ல இருந்த பொண்ணுங்கதான் எல்லாம் இங்க இருக்கோமே!” அவள் தோள் குலுங்கியது. “எங்க மேயரும் உங்களை மாதிரிதான், ஐயா. நல்ல குரல். அன்னியரெல்லாம் வெளியேறணும்னு மைக்குல சொல்வார். அம்மா போனைத் தூக்கிப் பிடிச்சு எனக்குக் கேட்க வைப்பாங்க. அப்படியே நம்ம வீட்டு மேயர் ஐயா பேசற மாதிரியே இருக்கும்மான்னு நான் சொல்வேன்.”

எர்மான்னோ ரொட்டியை விழுங்கினார்.

திங்கட்கிழமை காலை ரோக்கசோலா கண்டது தேர் ஊர்வலம்தான். ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு சக்கர நாற்காலி வெளிப்பட்டது. அமில்கரேயை ஓல்காவும் இன்னொருத்தியும் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள்; அவர் தொப்பியைக் கழற்றி இரண்டு பக்கமும் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா தங்கை இருவரும் முத்துமாலையோடு வந்தார்கள். பள்ளிக்கூடப் படிக்கட்டருகே ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஸ்ஸெல்ஸ் பணத்தில் வைத்த மின்தூக்கி ஒன்று நீலப் பலகையோடு பளபளத்தது. ரிப்பன் வெட்டியது எர்மான்னோதான். மின் இணைப்பு கொடுத்தால் கட்டணம் கட்ட ஊராட்சியில் பணம் இல்லை. ஆகவே பெண்கள் நாற்காலிகளை அதன் பக்கத்திலேயே படியில் தூக்கி ஏற்றினார்கள்.

எர்மான்னோ பிரசாரக் காரின் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். ஓட்டு நடக்கும்போது தனக்குப் போடு என்று கத்தக் கூடாது. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. இருப்பது ஒரே பெயர்.

“வந்தா போதும்! ஐயாமாரே, அம்மாமாரே! வந்து ஒரு சீட்டை வாங்கிப் பெட்டியில போட்டா போதும்! நம்ம ஊரைக் காப்பாத்துங்க!”

வாசலில் அம்மாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த வியோரிகா, அம்மாவைச் சாவடிக்குள் விட்டுவிட்டுத் தானும் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். எர்மான்னோ திகைத்தார்.

“உனக்கு ஏது ஓட்டு?”

“ஊராட்சித் தேர்தல்ல எங்களுக்கும் உண்டு, ஐயா. ஐரோப்பா! பேர் பதிஞ்சு வச்சிருக்கேன். போடட்டுமா, வேண்டாமா?”

“போடு, போடு! வந்தா போதும்!”

மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஃபுல்வியா ஜன்னலிலிருந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். நாற்பது தாண்டியாயிற்று. எர்மான்னோ ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் பட்ட ஓல்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். ஓல்கா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, “சார் அழறார்” என்று மற்றவர்களுக்குச் சொன்னாள்.

மூன்று மணிக்குக் கதவை மூடினார்கள். பெட்டியைத் திறக்கும் முன் ஃபுல்வியா தொண்டையைச் செருமினாள்.

“மேயரே, சட்டத்துல இன்னொரு வரியும் இருக்கு. வந்தவங்கள்ல பாதிப் பேராவது உங்க பேர்ல குறி போட்டிருக்கணும். இல்லேன்னா தேர்தல் செல்லாது.”

எர்மான்னோ பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டே சிரித்தார். “வேற யார் பேர்ல போடுவாங்க? வேற பேரே இல்லையே!”

“அதான்” என்றாள் ஃபுல்வியா. முதல் சீட்டைப் பிரித்தாள். “தவெல்லா.” இரண்டாவது. “தவெல்லா.” மூன்றாவது சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “வெறும் சீட்டு.”

“யாரோ கண்ணாடி மறந்துட்டு வந்திருக்காங்க” என்றார் எர்மான்னோ.

“வெறும் சீட்டு. தவெல்லா. வெறும் சீட்டு. வெறும் சீட்டு. இதுல யாரோ பெஞ்சு படம் போட்டிருக்காங்க, மேயரே, நல்லா வந்திருக்கு. செல்லாது. தவெல்லா. வெறும் சீட்டு.”

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கான நாற்காலி, முழங்கால் தாடை வரை வந்தது. மேசையில் இரண்டு அடுக்குகள் சமமாக வளர்ந்துகொண்டே போயின. ஒரு நேரத்தில் எழுதாத அடுக்கு கொஞ்சம் உயர்ந்தது. பிறகு அது இறங்கவே இல்லை. ஃபுல்வியா கடைசிச் சீட்டைப் பிரித்து, அதை வாசிக்காமலே அடுக்கில் வைத்தாள்.

“எதிர்த்து ஒருத்தருமே நிக்கலியே, ஃபுல்வியா. நான் யாருகிட்ட தோத்தேன்?”

“அது படிவத்துல கேட்கலை, மேயரே” என்றாள் அவள், மெதுவாக.

வீட்டுக்கு வந்தபோது அம்மா இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே சாப்பிட உட்கார்ந்திருந்தாள். வியோரிகா சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தாள். எர்மான்னோ பட்டையைக் கழற்றாமலே எதிரே உட்கார்ந்தார்.

“ஊரே வந்துச்சும்மா. வந்து எனக்குப் போடாம போயிருக்கு.”

“வந்தா போதும்னுதானே நீ கத்தினே. உனக்குப் போடச் சொல்லலியே.”

“நீங்க போட்டீங்களா?”

“ரகசிய ஓட்டுடா அது. பெத்தவகிட்ட கேட்கற கேள்வியா?”

அவர் வியோரிகாவைப் பார்த்தார். அவள் சூப்பைப் பார்த்தாள்.

“நான் உங்களுக்குத்தான் போட்டேன், ஐயா” என்றாள். “புதுசா வர்ற ஆணையர் எப்படி இருப்பாரோன்னு பயமா இருந்துச்சு.”

எர்மான்னோ முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. “நான் என்னதான் பண்ணேன் இவங்களுக்கு? அமில்கரேக்கு என்ன குறை?”

“கரண்ட் பில்லு. போன குளிர்காலத்துல ஒரே ஒரு அறையில குளிர்காய்ஞ்சானாம்.”

“கரண்ட் விலை ஏறினதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்? அது ரஷ்யா!”

“அந்த அக்கா தங்கைக்கு டாக்டர் வாரத்துல ஒரு நாள்தான் வர்றாருன்னு கோபம்.”

“அது ரோமாபுரி!”

“பஸ்ஸைக் குறைச்சாங்க, வங்கியை மூடினாங்க, தொழிற்சாலை போச்சு.”

“அது பிரஸ்ஸெல்ஸ், அது மிலான், அது போலந்து! எதுவுமே நான் பண்ணலியேம்மா!”

ஆர்ஜியா சூப்பை ஒரு கரண்டி எடுத்து, ஊதி, உறிஞ்சினாள். உப்பு போதவில்லை என்று வியோரிகாவுக்கு விரலால் காட்டினாள்.

“அவங்க யார் பேரும் சீட்டுல இல்லையேடா, கண்ணா. உன் பேரு ஒண்ணுதானே இருந்துச்சு.”